எஜமான் வரும் வேளையும் உடன்வேலையாள் பசிக்கும் வேளையும்

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் செப்பனிட்ட எழுத்து வடிவம்)



கிறிஸ்துவின் வருகைக்குக் காத்திருக்கும் ஒருவர் எப்படி வாழ வேண்டும் என்பதே இன்றைய பொருள். உயிரோடிருப்பவர்களையும் இறந்தவர்களையும் நியாயந்தீர்க்க அவர் மீண்டும் வருவார் என்று ஞாயிறுதோறும் எழுந்து நின்று அறிக்கையிடுகிறோம். உட்கார்ந்த பிறகு அந்த அறிக்கை நம் திங்கட்கிழமையை என்ன செய்கிறது என்று கேட்டால், நம் சபைகளில் இரண்டு விதமான விடைகள் கிடைக்கின்றன. ஒரு சாராருக்கு அது கணக்கு. எங்காவது போர் மூண்டால், நிலம் நடுங்கினால், கன்வென்ஷன் மேடையில் உலக வரைபடம் விரிந்துவிடும். மறு சாராருக்கு அது கூச்சம். படித்த கூட்டத்தில் வாய்விட்டுச் சொல்லத் தயங்கி, பிரமாணத்தில் மட்டும் வைத்துக்கொள்கிறார்கள். முன்னவர் வருகையை மறக்கவே முடியாதவர், பின்னவர் நினைக்கவே விரும்பாதவர் என்று இவர்களை எதிரெதிர் அணியாகப் பார்ப்பது வழக்கம்.

இருவரும் ஒரே பிழையைச் செய்கிறார்கள் என்பது என் வாதம். ‘சீக்கிரம்’ என்பது முன்னவருக்கு உறுதி. ‘இப்போதைக்கு இல்லை’ என்பது பின்னவருக்கு உறுதி. காலம் தங்களுக்குத் தெரியும் என்றே இருவரும் நடந்துகொள்கிறார்கள். சுவிசேஷமோ வேலைக்காரனுக்கு ஒரே ஒரு வேளையைத்தான் தெரியப்படுத்துகிறது. அது எஜமான் வரும் வேளை அன்று, உடன்வேலையாள் பசிக்கும் வேளை. அந்த வேளையைத் தவறவிடாமல் இருப்பதற்குத்தான் விழித்திருத்தல் என்று பெயர். இதை ஆறு கூறுகளாக உங்கள் முன் வைக்கிறேன்.

1. உவமையில் தெரிந்த வேளை ஒன்றே

மத்தேயு 24, 25 ஆகிய அதிகாரங்கள் ஒரே தொடர் உரை. எருசலேம் ஆலயக் கட்டடங்களைப் பற்றிய பேச்சில் தொடங்கி, இவை எப்போது நடக்கும் என்று சீடர்கள் ஒலிவ மலையில் கேட்கும் கேள்வியில் அது சூடு பிடிக்கிறது. ‘எப்போது’ என்பதற்குக் கடைசிவரை விடை வருவதில்லை. அந்த நாளும் நாழிகையும் பிதாவைத் தவிர எவருக்கும் தெரியாது என்று இயேசு சொல்லிவிடுகிறார். மாற்கு 13:32 குமாரனுக்குமே தெரியாது என்கிறது. பிறகு படங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன: நோவாவின் காலம், வயலில் இருவர், திரிகை அரைக்கும் இருவர், கன்னமிடப்படும் வீடு. கடைசியில் ஒரு பெரிய வீடும் அதன் மேலாளும் வருகிறார்கள். எஜமான் வெளியூர் போகும்போது, மற்ற வேலைக்காரருக்கு உரிய வேளையில் சாப்பாடு கொடுக்கும் பொறுப்பை அந்த ஆளிடம் விட்டுச் செல்கிறார்.

இந்தப் பொறுப்பு எவ்வளவு கனமானது என்பதை அக்கால வீட்டமைப்பு காட்டும். ரோம எழுத்தாளர் காட்டோ, கி.மு. 2ஆம் நூற்றாண்டில் எழுதிய வேளாண்மை நூலில், பண்ணை அடிமைகளுக்கான படியை அளவு குறித்து எழுதியிருக்கிறார். வயல் வேலை செய்பவருக்குக் குளிர்காலத்தில் 4 மோடியஸ் (ரோமரின் தானிய அளவு) கோதுமை, கோடையில் 4½, மேலாளுக்கு 3. விலங்கிட்டு வைக்கப்பட்டவர்களுக்குக் கோதுமைக்குப் பதில் ரொட்டி, அதுவும் எடை போட்டு. தானே வாங்கிச் சமைத்து உண்ணும் வழி அந்த அடிமைக்கு இல்லை. களஞ்சியச் சாவி யார் இடுப்பில் தொங்குகிறதோ அவர் கையில்தான் அவன் வயிறு. அந்தச் சாவியை வைத்திருப்பவனும் ஓர் அடிமைதான் என்பதை மறந்துவிடக் கூடாது. தன்னைப் போன்ற இன்னொருவனின் பசியின்மேல் அவனுக்கு அதிகாரம் தரப்பட்டிருக்கிறது. எஜமான் திரும்பி வந்து பார்க்கப் போவது அந்த அதிகாரத்தை அவன் என்ன செய்தான் என்பதைத்தான்.

உவமையின் கெட்ட வேலைக்காரனைச் சற்று நெருங்கிப் பார்ப்போம். எஜமான் வரமாட்டார் என்று அவன் சொல்லவில்லை. வரத் தாமதமாகும் என்றுதான் உள்ளத்தில் சொல்லிக்கொள்கிறான். கதைப்படி அதில் பொய்யும் இல்லை. அடுத்த அதிகாரத்தில் மணவாளன் வரத் தாமதிக்கிறான். தாலந்துகளைக் கொடுத்துச் சென்ற எஜமான் வெகுகாலம் கழித்தே திரும்புகிறான். ஆகவே அவன் தாமதத்தை ஊகித்ததில் தவறில்லை. அந்த ஊகத்தைச் சாக்காக வைத்து உடன்வேலையாட்களை அடித்தான், குடிகாரரோடு சேர்ந்து உண்டான் என்பதே குற்றம். மற்றவருக்கு அளக்க வேண்டிய சாப்பாடு அவன் பந்திக்குப் போய்விட்டது. இதே உரை 25ஆம் அதிகாரத்தின் இறுதியில் நியாயத்தீர்ப்புக் காட்சியோடு முடிகிறது. அங்கே கேட்கப்படும் முதல் கேள்வியும் பசித்தவருக்கு உணவு கொடுத்தாயா என்பதுதான். மேலாளின் உவமையில் சாப்பாட்டு வேளையில் தொடங்கிய பேச்சு, கடைசித் தீர்ப்பிலும் சாப்பாட்டை விட்டு நகரவில்லை.

2. ‘வந்தாயிற்று’ என்றவர்கள்

தெசலோனிக்கே, மக்கெதோனியா மாகாணத்தின் தலைநகர், துறைமுகம், எக்னாத்தியா பெருவழியில் அமைந்த வணிக நகரம். அங்கே இருந்த சிறு சபைக்குப் பவுல் எழுதிய முதல் நிருபம், நமக்குக் கிடைத்துள்ள கிறிஸ்தவ எழுத்துகளில் மிகப் பழையது என்பது ஆய்வாளர் பெரும்பாலோர் கருத்து. கல்லியோ அகாயாவில் ஆளுநராக இருந்ததைக் குறிக்கும் தெல்பி கல்வெட்டைக் கொண்டு, அது ஏறக்குறைய கி.பி. 50–51இல் கொரிந்துவிலிருந்து எழுதப்பட்டது எனக் கணிக்கிறார்கள். அதாவது, கையிலிருக்கும் முதல் கிறிஸ்தவ ஏடே வருகைக்குக் காத்திருப்பதைப் பற்றிய ஏடு.

அந்த நிருபத்தின் 4ஆம் அதிகாரத்தில் இறந்தோர் எழுவதையும் எக்காளத் தொனியையும் பற்றிய பகுதி நம் அடக்க ஆராதனைகளில் தவறாமல் வாசிக்கப்படுகிறது. அதற்கு நேர் மேலே இருக்கும் இரண்டு வசனங்கள் அவ்வளவாகக் காதில் விழுவதில்லை. அமைதியாக வாழுங்கள், உங்கள் வேலையைப் பாருங்கள், சொந்தக் கைகளால் உழையுங்கள் என்று அங்கே பவுல் கேட்டுக்கொள்கிறார். எக்காளத்துக்கு முன்னால் கைத்தொழில். அந்த வரிசையில்தான் அவர் எழுதினார். தாமே இரவும் பகலும் உழைத்ததாக 2ஆம் அதிகாரத்தில் நினைவூட்டவும் செய்கிறார். எவருக்கும் பாரமாக இருக்கக் கூடாது என்பதே அதற்கு அவர் சொல்லும் காரணம்.

இரண்டாம் நிருபத்தில் நிலைமை முற்றியிருக்கிறது. கர்த்தருடைய நாள் வந்தாயிற்று என்று சொல்லிச் சிலர் சபையைக் கலக்குகிறார்கள். வேலை செய்யாமல் பிறர் காரியங்களில் தலையிட்டுத் திரிகிறவர்களும் இருக்கிறார்கள். உழைக்க மனமில்லாதவன் உண்ணவும் வேண்டாம் என்ற கட்டளை பிறந்தது இங்கேதான். 1918இல் சோவியத் ரஷ்யாவின் அரசியலமைப்பு வரை பயணம் செய்த வாசகம் அது. ஏழையை அடிக்கும் கோலாகவும் அது பயன்பட்டிருக்கிறது. ஆனால் வேலை கிடைக்காதவரைப் பற்றி அது பேசவில்லை. மனமில்லாதவரைப் பற்றியே பேசுகிறது. அடுத்த சில வரிகளிலேயே, நன்மை செய்வதில் சோர்ந்துபோகாதீர்கள் என்றும் சபைக்குச் சொல்லப்படுகிறது. மக்கெதோனியச் சபைகள் கடும் வறுமையில் இருந்தவை என்பது கொரிந்தியருக்கு எழுதிய இரண்டாம் நிருபத்திலிருந்து தெரிகிறது. அப்படிப்பட்ட சபையில் ஒருவர் வேலையை விட்டால் அவர் உண்ணும் ரொட்டி இன்னோர் ஏழையின் அடுப்பிலிருந்துதான் வர வேண்டும்.

இங்கே ஒரு மறுப்பு எழும். இரண்டாம் நிருபம் பவுலின் கையெழுத்துதானா என்று ஐயுறும் அறிஞர்கள் உண்டு. அந்தச் சோம்பலுக்குக் காரணம் வருகை பற்றிய எதிர்பார்ப்பு அன்று, பணக்காரப் புரவலரை அண்டிப் பிழைத்த ரோம வழக்கமே என்பாரும் உண்டு. நிருபம் இரண்டையும் காரண காரியமாக இணைத்துச் சொல்லவில்லை என்பதை ஏற்றுக்கொள்கிறேன். என் வாதத்துக்கு அந்த இணைப்புத் தேவையும் இல்லை. நாள் வந்தாயிற்று என்பவருக்கும் உழையாமல் உண்பவருக்கும் அந்தச் சிறிய ஏடு ஒரே இடத்தைத்தான் காட்டுகிறது: கைவேலை, சொந்த உணவு, அடுத்தவருக்குப் பாரமில்லாத வாழ்வு. யார் எழுதியிருந்தாலும், சபை அதைத் திருமறையில் சேர்த்துக்கொண்டபோது காத்திருத்தலுக்கான அளவுகோலாகவே சேர்த்துக்கொண்டது.

3. கணக்கு தப்பினால் யார் தலையில் விழுகிறது

தேதி குறிப்பது மூடத்தனம் என்று நகைத்துவிட்டுப் போவது எளிது. அது தப்பும்போது விலை கொடுப்பவர் யார் என்று பார்ப்பதே பயனுள்ளது. 3ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தானியேல் ஆகமத்துக்கு விளக்கம் எழுதிய இப்போலித்து, தம் காலத்து நிகழ்ச்சிகள் இரண்டைப் பதிவு செய்கிறார். சிரியாவில் ஒரு சபைத் தலைவர், கிறிஸ்துவை எதிர்கொள்ள என்று சொல்லி ஆண், பெண், குழந்தைகள் எல்லாரையும் வனாந்தரத்துக்கு அழைத்துச் சென்றுவிட்டார். மலைகளில் வழி தெரியாமல் அலைந்தவர்களைக் கொள்ளைக் கூட்டம் என்று கருதி ஆளுநரின் படை வெட்டிச் சாய்க்கவிருந்தது. ஆளுநரின் மனைவி கிறிஸ்தவராக இருந்ததால் தப்பினார்கள். பொந்துவில் இன்னொரு தலைவர், தாம் கண்ட கனவுகளை நம்பி, ஓராண்டுக்குள் நியாயத்தீர்ப்பு என்று அறிவித்தார். மக்கள் நிலத்தைத் தரிசாக விட்டார்கள். பெரும்பாலோர் உடைமைகளை விற்றார்கள். ஆண்டு கழிந்தது. விற்றவர்கள் பிச்சையெடுக்கும் நிலைக்கு வந்தார்கள். மற்றவர்கள் மறுபடி ஏர் பிடித்தார்கள். அந்தத் தலைவர் பக்திமான், அடக்கமுள்ளவர் என்றே இப்போலித்து எழுதுகிறார். வஞ்சகர் செய்த வேலையல்ல இது. வேதத்தை விட்டுக் கனவைப் பிடித்த நல்லவர் செய்தது. தட்டு ஏந்தியவை அவரை நம்பிய குடும்பங்கள்.

19ஆம் நூற்றாண்டு அமெரிக்காவில் வில்லியம் மில்லர் என்ற பாப்டிஸ்து விவசாயி, தானியேல் ஆகமத்தின் எண்களைக் கூட்டிக் கழித்து வருகை 1843ஐ ஒட்டி நிகழும் என்றார். பின்னர் அவரைப் பின்பற்றியோர் 1844 அக்டோபர் 22 என்று நாளையே குறித்தார்கள். அவர்கள் வெள்ளை அங்கி அணிந்து கூரைமேல் ஏறி நின்றார்கள் என்ற கதைகள் பெரும்பாலும் ஏளனக்காரர் கட்டியவை. ஆனால் விளைந்ததை அறுக்காமல் வயலிலேயே விட்டவர்களும் கடையை அடைத்தவர்களும் உண்மையிலேயே இருந்தார்கள். அந்த ஏமாற்றத்துக்குப் பின் நடந்ததுதான் கவனிக்கத் தக்கது. சிதறியவர்களில் ஒரு பகுதியினர் 1863இல் ஏழாம் நாள் அட்வெந்து சபையாக ஒருங்கிணைந்தார்கள். 1866இல் பேட்டில் கிரீக் என்ற ஊரில் நோயாளிகளைப் பேணும் நிறுவனம் ஒன்றைத் தொடங்கினார்கள். வருகை நம்பிக்கையை அவர்கள் கைவிடவில்லை. சபையின் பெயரிலேயே அது இருக்கிறது. நாள் குறிப்பதை விட்டுவிட்டு நோயாளியின் உணவையும் உடலையும் கவனிக்கத் தொடங்கினார்கள்.

நமக்கு அடுத்த வீட்டுக் கதையும் ஒன்று உண்டு. ஜான் கிறிஸ்தியான் அருளப்பன் வழியாக 1860இல் திருநெல்வேலிப் பகுதியில் எழுந்த எழுப்புதலின் அலை, அவர் இறந்த பின் 1870களில் திருவிதாங்கூரையும் தொட்டது. அங்கே அதில் முன்னின்றவர் யூஸ்துஸ் யோசேப்பு. தமிழ்ப் பிராமணக் குடும்பத்தில் 1835இல் பிறந்து, 1861இல் ஞானஸ்நானம் பெற்று, குருவாகி, மலையாளத்தில் இன்றும் பாடப்படும் கீர்த்தனைகளை இயற்றிய புலவர். வித்துவான் குட்டி என்று அறியப்பட்டவர். 1881இல் கிறிஸ்து வருவார் என்ற அறிவிப்பு அவருடைய குழுவிலிருந்து வந்தது. ஆண்டு கழிந்தபோது வருகை ஆவிக்குரிய விதத்தில் நிகழ்ந்துவிட்டது என்று விளக்கம் மாறியது. குழு யுயோமய சபை என்ற தனி வழியாகப் பிரிந்து ஒடுங்கியது. இதே ஆண்டுகளில்தான், 1876 முதல் 1878 வரை, சென்னை மாகாணத்தைப் பெரும் பஞ்சம் சூறையாடியது. அதில் அநாதையான பிள்ளைகளுக்காக நாசரேத்தில் இல்லமும் தொழிற்பள்ளியும் எழுந்தன. மலைக்கு அந்தப்புறம் ஆண்டுகளை எண்ணிய கிறிஸ்தவர்கள், இந்தப்புறம் பசித்த வாய்களை எண்ணிய கிறிஸ்தவர்கள். யாருடைய பக்தி ஆழமானது என்று தீர்ப்புச் சொல்ல நான் வரவில்லை. உவமையின் மேலாளுக்குக் கொடுக்கப்பட்ட வேலையை எவர் செய்துகொண்டிருந்தார் என்பதில் மட்டும் எனக்கு ஐயமில்லை.

4. ‘தாமதம்’ என்பதும் ஒரு கணக்கே

தேதி குறிப்பவரைக் குறை சொன்னதும், குறிக்காதவர் நிம்மதியாகச் சாய்ந்து உட்காரலாம் என்று நினைக்கக் கூடாது. திருச்சபைத் தந்தை அகுஸ்தீன் இந்த இடத்தில் நமக்குத் துணை. ‘கடவுளின் நகரம்’ நூலில், காலங்களை அறிவது உங்களுக்குரியதல்ல என்ற அப்போஸ்தலர் 1:7ஐக் காட்டி, ஆண்டுகளைக் கணக்கிடுவோர் தங்கள் விரல்களைத் தளர்த்திக்கொள்ளட்டும் என்ற கருத்தில் எழுதுகிறார். தல்மாத்தியாவில் சலோனா நகரின் பேராயர் எசிக்கியுவுக்கு, உலக முடிவைப் பற்றி ஏறத்தாழ கி.பி. 419இல் எழுதிய நீண்ட கடிதத்தில் மூன்று வேலைக்காரர்களை நிறுத்துகிறார். மூவரும் எஜமானை நேசிப்பவர்கள். ஒருவர் சீக்கிரம் வருவார் என்கிறார். ஒருவர் தாமதமாக வருவார் என்கிறார். மூன்றாமவர் எனக்குத் தெரியாது என்கிறார். முதலாமவர் சொன்னது பொய்த்தால் கேட்டவர்களின் விசுவாசமே ஆடிப்போகும். இரண்டாமவர் சொன்னது பொய்த்தால் மகிழ்ச்சிதான். மூன்றாமவர் எதையும் உறுதியாகச் சொல்லவில்லை. ஆகவே பிழைக்கவும் இல்லை. அகுஸ்தீன் மூன்றாமவர் பக்கம் நிற்கிறார்.

அகுஸ்தீனை விட ஒரு படி மேலே போகலாம் என்று தோன்றுகிறது. இரண்டாமவரின் பிழையால் ஆபத்து குறைவு என்று அவர் கருதுவது, அந்த வேலைக்காரர் எஜமானை நேசிப்பவர் என்று எடுத்துக்கொண்டதால்தான். மத்தேயுவின் கெட்ட வேலைக்காரனுக்கோ தாமதம் என்ற சொல்லே கைத்தடியாகிவிட்டது. கணக்குக் கேட்பவர் தொலைவில் இருக்கிறார் என்று நம்பும் எந்த அதிகாரமும் அப்படித்தான் நடந்துகொள்ளும். மேடையில் வருகையைப் பற்றிப் பேசக் கூசும் நிர்வாகி, தம் கீழ் வேலை செய்பவரின் சம்பளத்தை மூன்று மாதம் நிறுத்தி வைக்கக் கூசுவதில்லை என்றால், அவரும் காலக் கணக்கர்தான். அவர் கையில் வரைபடம் இல்லை, அவ்வளவே வேறுபாடு. வேலையாளின் வேளை இரண்டு பேருக்குமே கண்ணில் படவில்லை.

5. நிறுத்தி வைத்த கூலி

இந்த வாதத்தின்மேல் வரக்கூடிய மிகக் கடுமையான குற்றச்சாட்டு, வருகை நம்பிக்கை ஏழையின் வாயை அடைக்கும் பூட்டு என்பது. ‘இங்கே பொறுத்துக்கொள், அங்கே கிடைக்கும்’ என்று சொல்லி நிலவுடைமைக்கும் அடிமை வணிகத்துக்கும் சபைகள் துணை போன வரலாறு உண்டு. இதை மறுப்பதற்கில்லை. ஆனால் அப்படிப் போதித்தவர்கள் யாக்கோபு நிருபத்தின் 5ஆம் அதிகாரத்தைப் பாதியிலிருந்து வாசித்தார்கள். கர்த்தர் வரும்வரை பொறுமையாயிருங்கள், முன்மாரிக்கும் பின்மாரிக்கும் காத்திருக்கும் உழவரைப் பாருங்கள் என்ற பகுதி 7ஆம் வசனம். அதற்கு மூன்று வசனங்கள் முன்னால் நிற்பது வேறு ஒரு வயல். அங்கே கதிர் அறுத்தவர்களுக்குக் கூலி கொடுக்கப்படவில்லை. கொடுபடாத அந்தக் கூலி கூக்குரலிடுகிறது. அறுவடைக்காரரின் கூக்குரல் சேனைகளின் கர்த்தர் செவிக்கு எட்டிவிட்டது. பொறுமையைப் பற்றிய பேச்சு அதற்குப் பிறகுதான் வருகிறது.

வரிசையைக் கவனியுங்கள். முதலில் கடன் யாருடையது என்று பெயர் சொல்லி அறிவிக்கப்படுகிறது. பிறகே காத்திருக்கச் சொல்லப்படுகிறது. பொறுமை கேட்கப்படுவது கூலி கிடைக்காதவரிடம். கூலி பிடித்தவருக்கு அழுது புலம்புங்கள் என்ற எச்சரிக்கைதான். இதன் பின்னணி மோசேயின் சட்டம். கூலியாள் ஏழை, அந்தக் கூலியையே நம்பியிருக்கிறான், ஆகவே பொழுது சாயும் முன் அன்றன்றைக்குக் கொடுத்துவிடு என்கிறது உபாகமம் 24. பொழுது சாய்வது ஏன் எல்லை? இரவு அவன் வீட்டில் உலை ஏற வேண்டும். ஆக, இங்கேயும் தெரிந்த வேளை சாப்பாட்டு வேளைதான். அதைத் தவறவிட்டவருக்குத்தான் நியாயாதிபதி வாசலில் நிற்கிறார் என்ற சொல் அச்சம் தரும். அறுத்தவருக்கோ அதே சொல் வழக்கு இன்னும் முடியவில்லை என்ற உறுதி. வருகையை நீக்கிவிட்டால் பறிகொடுத்தவர் இறந்த அன்றே அவருடைய வழக்கும் தள்ளுபடி ஆகிவிடும். வாய்ப்பூட்டு என்று எதைச் சொன்னார்களோ அது உண்மையில் மேல்முறையீடு.

6. மூன்று மறுப்புகளும் ஒரு சான்றும்

முதல் மறுப்பு: இயேசுவே அடையாளங்களைச் சொல்லியிருக்கிறாரே, அத்திமரம் துளிர்க்கும்போது கோடை கிட்டியதை அறியச் சொன்னாரே என்பது. சொன்னார். ஆனால் போர்களையும் பஞ்சங்களையும் நிலநடுக்கங்களையும் குறிப்பிட்ட அதே மூச்சில், கலங்காதீர்கள், முடிவு உடனே வராது என்றும் சொன்னார். அத்திமரத்தின் பேச்சு முடிந்த சில வரிகளில் நாளும் நாழிகையும் எவருக்கும் தெரியாது என்ற வாக்கு வருகிறது. பஞ்சம் ஓர் அடையாளம் என்றால் அதைக் கண்டவர் செய்ய வேண்டியது என்ன? அப்போஸ்தலர் 11இல் விடை இருக்கிறது. பஞ்சம் வரும் என்று அகபு முன்னறிவித்ததும் அந்தியோகியாச் சபையார் கால அட்டவணை போடவில்லை. அவரவர் சக்திக்கேற்பப் பணம் சேர்த்து யூதேயாவுக்கு அனுப்பினார்கள். அடையாளத்தை வாசிக்கும் கிறிஸ்தவ முறை அதுதான்.

இரண்டாம் மறுப்பு இறையியல் அறிஞர் ஆல்பர்ட் ஷ்வைட்சருடையது. 1906இல் வெளியிட்ட நூலில், இயேசு முடிவை மிக அண்மையில் எதிர்பார்த்தார், அவருடைய ஒழுக்கப் போதனை அந்தக் குறுகிய இடைவெளிக்கானது என்று அவர் வாதிட்டார். காலம் குறுகியது, மனைவியுள்ளவர் இல்லாதவர்போல் இருக்கட்டும் என்று கொரிந்தியருக்குப் பவுல் எழுதியதைப் பார்க்கும்போது இந்த வாதத்துக்கு வலு இருப்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஆனால் எதிர்பார்ப்பு எவ்வளவு அண்மையாக இருந்தாலும், அதிலிருந்து பிறந்த கட்டளைகள் இடைவெளியோடு காலாவதியாகும் தன்மை கொண்டவை அல்ல. பசித்தவருக்கு உணவு, அன்றாடக் கூலி, அடுத்தவருக்குப் பாரமாகாத உழைப்பு ஆகியவை ஒரு வாரத்துக்கும் பொருந்தும், இரண்டாயிரம் ஆண்டுக்கும் பொருந்தும். ஷ்வைட்சரின் வாழ்வே இதற்குத் துணை நிற்கிறது. மருத்துவம் படித்து 1913இல் ஆப்பிரிக்காவின் லம்பரீனேக்குப் போய் மருத்துவமனை கட்டினார். குறுங்காலத்துக்கானது என்று அவர் சொன்ன ஒழுக்கம் அவரை வாழ்நாள் முழுவதும் அந்தப் பணியோடு பிணைத்துவிட்டது.

மூன்றாம் மறுப்பு எதிர்த்திசையிலிருந்து வருவது. இப்படிப் பார்த்தால் வருகையே தேவையில்லையே, நல்ல வேலையாளாக இருந்தால் போதுமே என்று கேட்கலாம். போதாது என்பதே என் விடை. முடிவைத் தானே பார்த்தாக வேண்டும் என்று நினைப்பவர், பலன் விரைவில் தெரியும் வேலைகளைத்தான் தேர்ந்தெடுப்பார். முடிவு கிறிஸ்துவின் கையில் என்று நம்புபவர், தம் ஆயுளில் முடியாத வேலையையும் தயங்காமல் தொடங்கலாம். உயிர்த்தெழுதலைப் பற்றிய 1 கொரிந்தியர் 15ஆம் அதிகாரம், ஆகையால் உங்கள் உழைப்பு வீணாகாது என்ற முடிவுக்கு வருவது இதனால்தான். வருகை வேலையைத் தேவையற்றதாக்கவில்லை. வேலை செய்பவரை, விளைவை எட்டிப்பிடித்தே ஆக வேண்டும் என்ற பதற்றத்திலிருந்து விடுவிக்கிறது.

இதற்குச் சான்று நம் ஊரிலேயே இருக்கிறது. ஏமி கார்மைக்கேல், இங்கிலாந்தின் கெசிக் கூட்டங்களின் ஆவிக்குரிய சூழலில் உருவானவர். கர்த்தர் எந்நேரமும் வரலாம் என்ற எதிர்பார்ப்பு அந்தச் சூழலில் மேலோங்கியிருந்தது. அவர் 1895இல் இந்தியாவுக்கு வந்தார். 1901இல் கோயிலிலிருந்து தப்பி வந்த ஒரு சிறுமி அவரிடம் சேர்ந்தாள். அதிலிருந்து டோனாவூரில் பிள்ளைகள் வந்துகொண்டே இருந்தார்கள், கைக்குழந்தைகளும் இருந்தார்கள். ஒரு கைக்குழந்தையை வாங்கிக்கொள்பவர் அடுத்த இருபது ஆண்டுகளை வாங்கிக்கொள்கிறார். பாலூட்ட வேண்டும், பல் முளைக்கும் நாட்களில் விழித்திருக்க வேண்டும், எழுத்தறிவிக்க வேண்டும், ஆளாக்க வேண்டும். நாளையே வரலாம் என்று நம்பியவர் செய்யும் வேலையா இது? ஆம். 1951இல் அங்கேயே இறக்கும்வரை விடுமுறைக்குக்கூட அவர் தாயகம் திரும்பவில்லை. எந்நேரமும் வரலாம் என்ற நம்பிக்கை நீண்ட வேலையைக் கெடுக்கும் என்ற பொது எண்ணத்தை டோனாவூர் பொய்யாக்குகிறது. அங்கே கணக்கிடப்பட்ட நேரம் குழந்தை பாலுக்கு அழும் நேரம்.

நிறைவாக

அன்பர்களே, இந்த வாதம் நம் சபைகளிடம் கேட்பது புதிதாக ஒன்றுமில்லை. தென்மாவட்டச் சபைகளில் பிடியரிசி எடுக்கும் வழக்கம் இருந்தது. உலை வைக்கும் ஒவ்வொரு வேளையும் வீட்டுப் பெண் ஒரு பிடி அரிசியை வேறு கலயத்தில் போட்டு வைப்பார். ஊழியத்துக்கும் ஏழைக்கும் அது போகும். சபை அசனங்களில் ஊரே ஒரே உலையிலிருந்து உண்ணும். இவற்றைத் தொடங்கியவர்கள் மத்தேயு 24ஐ நம்மைவிடச் சரியாக வாசித்திருந்தார்கள் என்பது என் துணிபு. அசனம் இன்று படம் பிடித்துப் போடும் விழாவாகவும், பிடியரிசி பழங்கதையாகவும் மாறிவரும் நேரத்தில், அவற்றுக்குள் இருந்த கணக்கை மீட்டெடுப்பது இறையியல் பணி.

ஆகவே, இறையியல் மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். நீங்கள் ஒரு சேகரத்துக்குப் போய், வருகையைப் பற்றிப் பிரசங்கம் ஆயத்தம் செய்யும் வாரத்தில், வரைபடத்தைத் திறப்பதற்கு முன் சேகரத்தின் சம்பளப் பதிவேட்டைத் திறந்து பாருங்கள். மணியடித்து ஆலயம் பெருக்கும் கோயில்குட்டிக்குப் போன மாதச் சம்பளம் என்று கொடுக்கப்பட்டது? சபைப் பள்ளியில் தினக்கூலிக்குச் சமைப்பவருக்கு விடுமுறை மாதத்தில் என்ன வருமானம்? முதியோர் உதவித்தொகை யார் கையெழுத்துக்காக மேசையில் கிடக்கிறது? இவற்றுக்கு விடை தெரிந்துகொண்டு, பாக்கி இருந்தால் தீர்க்கச் செய்துவிட்டு, பிறகு பிரசங்கபீடம் ஏறுங்கள். எஜமான் வரும் நாளை நீங்கள் சபைக்குச் சொல்ல முடியாது. சொல்லும்படி உங்களை யாரும் கேட்கவும் இல்லை. சம்பள நாள் உங்களுக்குத் தெரியும். தெரிந்த நாளில் உண்மையாக இருப்பவருக்கே தெரியாத நாளைப் பற்றிப் பேசும் உரிமை உண்டு.